மேசைமேல் கோட்டைகள் – 9: செஞ்சிக்குள் நுழைந்த நான்கு வழிகள்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் நெடிய மதில்களால் இணைத்து எழுப்பப்பட்ட செஞ்சிக் கோட்டை, விழுப்புரம் மாவட்டத்தின் வரலாற்றில் மட்டுமன்றித் தென்னிந்தியப் போர் வரலாற்றிலேயே தனியிடம் பெற்றது. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற மராத்தியப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது இது ஒன்றே. இக்கோட்டையின் அரச மரபுகளை விரிவாக ஆராய்ந்த நூல்கள் பல உண்டு, சி. எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதி 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செஞ்சி வரலாறு அவற்றுள் முதன்மையானது. இப்பகுதி செஞ்சியை அணுகுவது வேறொரு கேள்வியை முன்வைத்து: நிலவறைச் சாகசங்களில் சிறந்தது எது, அதைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் எது என்பதே அக்கேள்வி.

இங்கு வரும் கலைச்சொற்களை முதலில் விளக்கிக்கொள்வது நலம். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மனிதராகத் தம்மைப் பாவித்துக்கொண்டு, அம்மனிதர் என்ன செய்கிறார் என்பதை வாயால் சொல்லியும், முடிவு ஐயத்துக்குரிய இடங்களில் பகடை உருட்டியும் ஆடுவது பாத்திர விளையாட்டு ஆகும். ஆடுவோர் டி.எம். என்று சுருக்கமாக அழைக்கும் ஆட்ட நடத்துநர் ஒருவர் மட்டும் தமக்கெனப் பாத்திரம் கொள்ளாமல், உலகத்தை வருணிப்பவராகவும் விதிகளைத் தீர்ப்பவராகவும் எதிரிகளின் குரலாகவும் இருப்பார். வாரந்தோறும் கூடி, அதே பாத்திரங்களைக் கொண்டு மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நடத்தப்படும் ஆட்டம் கேம்பெய்ன், அதாவது நெடுந்தொடர் ஆட்டம் எனப்படும். கோட்டையடி, குகை, புதைந்த கோயில், கல்லறை போன்ற அடைபட்ட இடம் ஒன்றின் வரைபடத்தை நடத்துநர் மறைத்து வைத்திருக்க, ஆடுவோர் அறை அறையாக அதனுள் தேடிச் செல்வது டஞ்சன் கிரால். இத்தொடரில் அது நிலவறைச் சாகசம் என்று குறிக்கப்படுகிறது. அத்தகைய இடத்தை வரைபடத்தோடும் அறைக்குறிப்புகளோடும் அச்சிட்டு விற்கும் ஏடு மாட்யூல் எனப்படும்.

பிரஷ்ய ராணுவத்தினர் 1824இல் ஏற்றுக்கொண்ட கிரீக்ஷ்பீல் என்னும் போர்ப்பயிற்சி ஆட்டம் எவ்வாறு பொழுதுபோக்காளர்களின் மேசைக்கு வந்தது என்பது முந்தைய பகுதிகளில் கூறப்பட்டது. அம்மரபில் வந்த டேவ் ஆர்னசன், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பிளாக்மூர் என்ற கற்பனைச் சிற்றரசை அமைத்து 1971 முதல் நண்பர்களோடு ஆடிவந்தார். வெட்டவெளிப் போர்களில் சலிப்புற்ற அவர், சிற்றரசின் கோட்டைக்கு அடியில் பல அடுக்குச் சுரங்கங்களை வரைந்து ஆடுவோரை அதனுள் இறக்கினார். சுரங்கத் தேடலின் ஈர்ப்பில் மூழ்கிய அவர்கள் மேலேயிருந்த கோட்டையைக் காக்கத் தவறியதால், எதிரிகள் அதைக் கைப்பற்றிக்கொள்ள, பாத்திரங்கள் எல்லோரும் நாடுகடத்தப்பட்ட நிலையில் ஆட்டம் தொடர்ந்தது. நிலவறைச் சாகசம் பிறந்த முதல் மேசையிலேயே அதன் அடிப்படை இலக்கணம் வெளிப்பட்டுவிட்டது. நிலவறைக்கு வெளியே ஓர் உலகம் இருக்கிறது, உள்ளே செலவிடும் ஒவ்வொரு நாழிகைக்கும் வெளியே விலை உண்டு. ஆர்னசனிடமிருந்து இவ்வாட்டத்தை அறிந்த கேரி கைகாக்ஸ், விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா ஊரில் கிரேஹாக் என்ற கோட்டையையும் அதன் அடித்தளங்களையும் உருவாக்கினார். அவற்றில் முதலில் இறங்கியவர்கள் அவருடைய பிள்ளைகளே. இருவரின் பெயரிலும் 1974இல் ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு ஏடுகளாக, முதல் அச்சில் 1000 படிகளாக வெளிவந்ததுதான் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’.

அந்த ஏடுகளில் விதிகள் இருந்தனவேயன்றி, எடுத்து ஆடுவதற்கு முழுமையான நிலவறை ஒன்றும் இல்லை. 1975இல் வெளியான பிளாக்மூர் துணையேட்டில் ஆர்னசனின் ‘தவளைக் கோயில்’ அச்சேறியது. அடுத்த ஆண்டில் ‘வேம்பையர் அரசியின் அரண்மனை’ தனி ஏடாக விற்பனைக்கு வந்தது. அதன்பின் கடந்துவிட்ட அரை நூற்றாண்டில் வெளிவந்துள்ள நிலவறைகளை ஒருவர் வாழ்நாளில் ஆடி முடிக்க இயலாது. ஆகவேதான் தேர்வு என்பது தேவையாகிறது. அத்தேர்வுக்கு உண்மையான கோட்டை ஒன்றின் வரலாறு தரும் பாடம், விற்பனைப் பட்டியல்களோ புகழ்வரிசைகளோ தரமுடியாத ஒன்று.

செஞ்சியின் அமைப்பைச் சற்று நின்று நோக்க வேண்டும். பொது ஆண்டு 1200ஐ ஒட்டிய காலத்தில் ஆனந்தக் கோன் என்பவரால் தொடங்கப்பட்டதாக மரபு கூறும் இக்கோட்டை, விஜயநகரத்தின்கீழ் ஆண்ட நாயக்கர் காலத்தில் இன்றைய விரிவை அடைந்தது. ராஜகிரியின் அடிவாரத்திலுள்ள கீழ்க்கோட்டையில் களஞ்சியங்கள், குதிரை லாயங்கள், உடற்பயிற்சிக் கூடம், யானைக்குளம், சுடுமண் குழாய்களால் மேல்தளங்களுக்கு நீர் ஏற்றப்பட்ட கல்யாண மகால் ஆகியவை உள்ளன. அங்கிருந்து ஏறும் படிவழி, அடுத்தடுத்து வரும் வாயில்களில் திரும்பித் திரும்பிச் செல்வதால், உள்ளே வரும் படை எந்த இடத்திலும் நேர்க்கோட்டில் விரைய முடியாது. இடைவழியில் கமலக்கண்ணியம்மன் கோயில் உள்ளது. உச்சியை நெருங்கும் இடத்தில் ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள பாறைப் பிளவு ஒன்று குறுக்கிட, அதன்மீது மரப்பாலம் இடப்பட்டிருந்தது. பாலத்தை அகற்றிவிட்டால் மேலே இருக்கும் ஒரு சிலர் கீழே நிற்கும் ஒரு படையையே தடுத்துவிடலாம். ஏறத்தாழ 800 அடி உயரத்திலுள்ள உச்சியில் அரங்கநாதர் கோயில், களஞ்சியம், கருவூலம், மணிக்கூண்டு ஆகியவை நிற்கின்றன. சக்கரக்குளத்துக்கு அருகே, இயற்கையாகவே நடுவில் துளை விழுந்து கிணறுபோல் அமைந்த பெரும்பாறை ஒன்று உண்டு. மரண தண்டனை பெற்ற கைதிகளை அதற்குள் தள்ளிப் பட்டினியால் மடியவிட்டனர் என்று உள்ளூர் மக்கள் சொல்வதுண்டு.

பாத்திர விளையாட்டின் நடத்துநர் ஒருவர் இவ்விவரங்களைக் கேட்டால், ஒரு சாகச ஏட்டுக்கு வேண்டிய அனைத்தும் இங்கே கிடைப்பதாக உடனே உணர்வார். எனினும் வாயில், பிளவு, பாலம், கைதிப்பாறை என்று வியப்புகளை அடுக்கிவிட்டால் மட்டும் நிலவறை சிறந்ததாகிவிடாது. செஞ்சியை ஒப்பற்ற நிலவறையாக்குவது அதனுள் நுழைந்தவர்களின் வரலாறு. 84 ஆண்டுகளுக்குள் இக்கோட்டை நான்கு முறை, ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறுபட்ட நான்கு வழிகளில் கைமாறியது. கல்லும் மதிலும் பெரிதும் மாறாதிருக்க, நுழைவு மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருந்தது. இவ்வியல்பே ஒரு நிலவறையின் தரத்தை அளக்கும் முதல் அளவுகோல் என்பது இப்பகுதியின் கருத்து: பத்துக் குழுக்கள் ஆடினால் பத்து வேறு கதைகள் பிறக்கும் இடமே சிறந்த நிலவறை.

முதலாவது, 1677ஆம் ஆண்டின் நுழைவு. பிஜாப்பூர் சுல்தானகத்தின் ஆளுகையிலிருந்த செஞ்சியைச் சிவாஜி பெற்றது பெரும்பாலும் பேச்சுவார்த்தையாலும், கோட்டைத் தலைவருக்கு வேறிடத்தில் வருவாய் நிலம் தருவதான உடன்பாட்டாலுமே ஆகும். பெரும் முற்றுகை ஏதும் நிகழவில்லை. உள்ளே வந்தபின் அவர் மதில்களைப் புதுப்பித்தும் அகழிகளைத் தோண்டியும் கோபுரங்களை எழுப்பியும் செஞ்சியை வலுப்படுத்தியதை அக்கால இயேசு சபைப் பாதிரிமாரின் கடிதம் விவரிக்கிறது. வாளை உருவாமலேயே வாயில் திறக்கும் வழியொன்று ஆட்டத்திலும் இருக்க வேண்டும். பல சாகச ஏடுகள் இதற்கு இடமே தருவதில்லை. அவற்றில் உள்ளே இருப்பவர்கள் அனைவரும் கண்டவுடன் பாய்ந்து தாக்குபவர்களாகவே எழுதப்பட்டுள்ளனர். 2000ஆம் ஆண்டில் புரூஸ் கார்டெல் எழுதிய ‘ஒளியிழந்த கோட்டை’ என்னும் பொருள்படும் ‘சன்லெஸ் சிட்டடல்’ இதற்கு நல்ல விலக்கு. நிலத்துக்குள் புதைந்த ஒரு கோட்டையில் கோபோல்டுகள் என்னும் குள்ளப் பல்லியினமும் காப்ளின்கள் என்னும் கொள்ளையர் இனமும் பகைகொண்டு வாழ்கின்றன. புதிதாக ஆட வருபவர்களும் ஒரு தரப்போடு பேசி உடன்பட்டு வழி பெறலாம்.

இரண்டாவது நுழைவு எட்டு ஆண்டுகள் எடுத்தது. வரலாறு மிகச் செறிவாக இருப்பதும் இங்கேதான். சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் 1689இல் மகாராட்டிரத்திலிருந்து தப்பிச் செஞ்சிக்கு வந்து சேர, மராத்திய அரசின் தலைநகரமே இங்கு இடம்பெயர்ந்தது. 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் முற்றுகையைத் தொடங்கினார். பின்னர் அவருடைய தந்தையும் பேரரசின் வசீருமான ஆசத் கானும், பேரரசரின் மகன் காம் பக்ஷும் வந்து சேர்ந்தனர். படை பெருகப் பெருக முகாமுக்குள் பிளவும் பெருகியது. காம் பக்ஷ் கோட்டைக்குள் இருந்த ராஜாராமுடன் மறைவாகத் தொடர்பு கொண்டதாகக் கண்டறியப்பட்டு, தம் சொந்தத் தளபதிகளாலேயே கைது செய்யப்பட்டார். அதே வேளையில் சந்தாஜி கோர்ப்படே, தனாஜி ஜாதவ் ஆகிய மராத்தியத் தளபதிகள் வெளியிலிருந்து வந்து முகலாயரின் உணவு வழிகளை அறுத்தனர்; முற்றுகை இட்டவர்களே முற்றுகைக்கு உள்ளாயினர். பட்டினியால் வாடிய சுல்பிகார் கான் 1693 தொடக்கத்தில் முற்றுகையைக் கைவிட்டு, திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. பின்னர் மீண்டும் வந்தும் அவர் விரைந்து செயற்படவில்லை. அம்முற்றுகையில் உடனிருந்த பாரசீக மொழியில் குறிப்புகள் எழுதிய பீம்சேன் என்பவர், தளபதி மனம்வைத்திருந்தால் கோட்டை முன்னரே வீழ்ந்திருக்கும் என்ற கருத்தைப் பதிந்துள்ளார். சுல்பிகார் கான் மராத்தியருடன் மறைமுக இணக்கம் கொண்டிருந்தார் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அதற்கு முன்பே வேலூருக்குத் தப்பிச் சென்றிருந்தார்.

இந்த எட்டாண்டு வரலாற்றில் நிலவறைத் தேர்வுக்கு வேண்டிய இரு அளவுகோல்கள் பொதிந்துள்ளன. ஒன்று, உட்பகை. கோட்டைக்குள் ஒரு தரப்பு, வெளியே ஒரு தரப்பு என்று மட்டும் இருந்திருந்தால் செஞ்சியின் கதை சில பக்கங்களில் முடிந்திருக்கும். இளவரசனுக்கும் தளபதிக்கும், தளபதிக்கும் பேரரசருக்கும் இடையே இருந்த நம்பிக்கையின்மையே அதை நெடுங்கதையாக்கிற்று. நிலவறையில் வாழும் கூட்டங்கள் தமக்குள் வேறுபட்ட நோக்கமும் அச்சமும் பகையும் கொண்டிருந்தால், ஆடுவோரின் ஒவ்வொரு செயலும் அச்சமநிலையைக் குலைத்து எதிர்பாராத விளைவுகளைத் தரும். கைகாக்ஸும் ஃபிராங்க் மென்ட்சரும் எழுதி 1985இல் வெளிவந்த ‘டெம்பிள் ஆஃப் எலிமென்டல் ஈவில்’ என்னும் பெருஞ்சாகசத்தில், நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றைச் சார்ந்த நான்கு பிரிவினர் ஒரே கோயிலுக்குள் மேலாண்மைக்காகப் போட்டியிடுகின்றனர். அறைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துச் செல்லும் குழுவுக்கு இச்சாகசம் நீண்டு அலுப்பூட்டக்கூடும். காம் பக்ஷ் போன்ற ஒருவரை எதிர் முகாமில் கண்டுபிடித்துப் பயன்படுத்தத் தெரிந்த குழுவுக்கோ அது வற்றாத சுரங்கம்.

மற்றொன்று, உணவும் காலமும். சுல்பிகார் கானை வந்தவாசிக்குத் துரத்தியது மராத்தியரின் வாளினும் தானியத் தட்டுப்பாடே. ராஜகிரியின் உச்சியிலும் அடிவாரத்திலும் களஞ்சியங்கள் கட்டியவர்களுக்கு அது தெரிந்திருந்தது. ஆட்டத்தின் பழைய விதிகளும் இதை மறக்கவில்லை. 1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த தொடக்கநிலை விதியேட்டின்படி, நிலவறைக்குள் காலம் பத்து நிமிடங்கள் கொண்ட அலகுகளாக எண்ணப்படும். ஒரு தீப்பந்தம் ஆறு அலகுகளும், எண்ணெய் விளக்கு 24 அலகுகளும் எரியும். இரண்டு அலகுகளுக்கு ஒருமுறை நடத்துநர் பகடை உருட்டி, சுற்றித் திரியும் எதிரி எவரேனும் வருகிறாரா என்று பார்க்க வேண்டும். தூக்கிச் செல்லும் எடைக்கும் கணக்கு உண்டு. இதனால் கருவூலத்தைக் கண்டடைவது மட்டும் போதாது. விளக்கு அணையும் முன் அதைச் சுமந்து வெளியேறும் வழியையும் சிந்திக்க வேண்டும். பின்னாளில் பலர் இக்கணக்கைச் சுமையென்று கைவிட்டனர். அது வருந்தத்தக்க இழப்பு. காலக் கணக்கில்லாத நிலவறையில் ஆடுவோர் ஒவ்வோர் அறைக்குப் பின்னும் வேண்டியமட்டும் ஓய்வெடுத்துத் தொடரலாம் என்பதால், எந்த முடிவுக்கும் எடையே இல்லாமல் போகிறது.

செஞ்சியின் பெயரைத் தமிழ் நாட்டுப்புறக் கதைப்பாடல் வழியே நிலைநிறுத்திய தேசிங்கு ராஜனின் முடிவு இவ்வரிசையில் சேராது; ஏனெனில் அது கோட்டைக்குள் நிகழவில்லை. தேஜ் சிங் என்னும் இயற்பெயர் கொண்ட அந்த இளைஞர், 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை மதிலுக்குள்ளிருந்து எதிர்கொள்ளாமல், சிறுபடையோடு வெளியே சென்று பொருது மாண்டார். அவருடைய வீரத்தைப் போற்றும் மக்கள் மரபு மதிக்கத்தக்கது; ஆயினும் எட்டு ஆண்டுகள் தாங்கிய கோட்டை, அவர் கையில் ஒருநாள் போரில் இழக்கப்பட்டது என்பதும் உண்மையே.

மூன்றாம் நுழைவு 1750 செப்டம்பரில் நிகழ்ந்தது. ஆற்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கோரி, திருவதிகைக்கு அருகே தோற்ற முகமது அலியின் படையினர் செஞ்சியில் புகலடைய, அவர்களைத் துரத்திவந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, வெடிமருந்து அடைத்த பெட்டார் என்னும் கருவியால் வெளிவாயிலைத் தகர்த்து உட்புகுந்தார். குன்றுகளிலிருந்து இரவெல்லாம் பொழிந்த குண்டுகளைத் தாங்கி நின்ற அவருடைய வீரர்கள், விடியுமுன் மூன்று குன்றுகளிலும் ஏறிக் கைப்பற்றினர். முகலாயருக்கு எட்டு ஆண்டுகள் பிடித்தது பிரெஞ்சுக்காரருக்கு ஓர் இரவில் முடிந்தது. இருளும் விரைவும், உள்ளே இருந்தவர்களின் மனச்சோர்வும், முக்குன்றுகளும் ஒன்றுக்கொன்று உதவ இயலாதபடி ஒரே நேரத்தில் தாக்கப்பட்டதும் இதற்குக் காரணங்கள். நான்காவதாக, 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி வீழ்ந்து உதவிக்கு வழியற்றுப்போன பிரெஞ்சுக் காவற்படை, அதே ஆண்டு ஏப்ரலில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அங்கும் குன்றுகளில் ஒன்று ஏணியிட்டு ஏறிப் பிடிக்கப்பட்ட பின்னரே மற்றவை பணிந்தன.

மூன்று குன்றுகள், பல வாயில்கள், மேலும் கீழுமாகப் பிரியும் வழிகள் என்னும் இவ்வமைப்பை மேசைமேல் மிகச் சிறப்பாகக் கையாண்டவர் ஜெனெல் ஜாக்வேஸ். 1979இல் ஜட்ஜஸ் கில்ட் நிறுவனம் வெளியிட்ட அவருடைய ‘கேவர்ன்ஸ் ஆஃப் த்ரேசியா’, இத்தொடரின் மதிப்பீட்டில், இதுவரை அச்சேறிய நிலவறைகளுள் தலைசிறந்தது. காட்டுக்குள் கிடக்கும் இடிபாடுகளிலிருந்து கீழே இறங்க ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்கள் உள்ளன. முதல் அடுக்கிலிருந்து நேரே மூன்றாம் அடுக்குக்கு விழும் பிளவுகளும், எல்லோரும் கண்டுபிடித்துவிட முடியாத மறைதளங்களும் உண்டு. மரணதேவன் தனதோஸை வழிபடும் மனிதக் கூட்டமும், விலங்குத்தலை கொண்ட மக்களும், அவர்களுக்கெல்லாம் முற்பட்ட பல்லி மனிதரின் நாகரிக எச்சங்களும் அடுக்கடுக்காகப் படிந்திருக்க, கீழே இறங்க இறங்க ஆடுவோர் அவ்விடத்தின் வரலாற்றில் பின்னோக்கிச் செல்கின்றனர். கோனார், நாயக்கர், பிஜாப்பூர், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் கட்டியதன்மேல் மற்றவர் கட்டிய செஞ்சியைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இந்நூலின் அருமை எளிதில் புரியும். 2024 ஜனவரியில் மறைந்த ஜாக்வேஸின் இவ்வரைமுறை, இன்று நிலவறை வரையும் எவருக்கும் அடிப்படைப் பாடமாகக் கருதப்படுகிறது.

இவ்வளவுகோல்களால் அளக்கும்போது, மிகுபுகழ் பெற்ற ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ கீழிறங்குகிறது. தம் பாத்திரங்களை எவராலும் வெல்ல இயலாது என்று பெருமை பேசிய ஆட்டக்காரர்களைச் சோதிக்கக் கைகாக்ஸ் எழுதி, 1975இல் பால்டிமோரில் நடந்த ஒரிஜின்ஸ் மாநாட்டில் ஆடப்பட்டு, 1978இல் அச்சான ஏடு இது. அசெரராக் என்னும் இறவா மந்திரவாதியின் கல்லறையில் காவலர் மிகச் சிலர், பொறிகளே எங்கும். அவசரப்பட்டவர்கள் மடிய, நிதானித்தவர்கள் தப்புகின்றனர். ஒருநாள் போட்டிக்கு எழுதப்பட்ட நிலையில் இது நிகரற்றது. ஆனால் பேசி இணங்கவோ பிரித்தாளவோ அங்கே எவரும் இல்லை, வழியும் பெரும்பாலும் ஒன்றே. இரண்டாண்டு வளர்த்த பாத்திரங்களை இதற்குள் அனுப்பும் நடத்துநர் தம் நெடுந்தொடரையே பலியிடுகிறார். அளவில் பெரியது தரத்தில் பெரியது என்ற எண்ணமும் இவ்வாறே தவறானது. 2018இல் வந்த ‘டஞ்சன் ஆஃப் த மேட் மேஜ்’ 23 அடுக்குகளைக் கொண்டது. தேர்ந்த நடத்துநர் அதிலிருந்து நான்கைந்து அடுக்குகளைப் பிரித்தெடுத்து ஆடினால் பயனுண்டு, முழுமையும் ஆட முற்படுவது பெரும்பாலான குழுக்களுக்குத் தாங்காது.

தமிழ் வாசகருக்கு நிலவறை அந்நியப் பொருளன்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் தஞ்சையில் பழுவேட்டரையரின் நிலவறைக் கருவூலத்துக்குள் புகும் பகுதியும், பாதாளச் சிறையும் மூன்று தலைமுறை வாசகர்களின் நினைவில் உள்ளவை. நுழையும் வழி மட்டும் அறிந்து மீளும் வழி அறியாத அபிமன்யுவின் கதையைத் திரௌபதியம்மன் திருவிழாக்களில் பாரதம் கேட்டு வளர்ந்த மண் இது. செஞ்சிக்கு அருகே, பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியின் திரௌபதியம்மன் கோயில் அவ்வழிபாட்டின் மூல இடமாகப் போற்றப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் 1988இலும் 1991இலும் வெளியிட்ட இரு பெருந்தொகுதிகள் இவ்வட்டாரத்தை மையமாகக் கொண்டவை. இவ்விழாக்களில் நிகழும் தெருக்கூத்தின் கட்டியங்காரன், வேடம் பூண்டு வருபவரை யார் என்று கேட்டு அறிமுகப்படுத்தி, இடத்தையும் சூழலையும் அவையோருக்கு விளக்கி, வேண்டும்போது துணைப் பாத்திரமாகவும் மாறுகிறான். ஆட்ட நடத்துநரின் பணிக்கு இதைவிட நெருங்கிய முன்மாதிரி வேறெங்கும் காண்பது அரிது. இந்திய மண்ணிலிருந்து சாகசம் எழுதும் முயற்சிகளும் தொடங்கியுள்ளன: வங்காளத்தைச் சேர்ந்த எழுத்தாளர் மிமி மண்டல், 2022இல் வெளிவந்த ‘ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடல்’ தொகுப்புக்கு ஷங்கபூமி என்ற ஆற்றுநாட்டைப் படைத்து ஒரு சாகசம் எழுதினார். தமிழ்நாட்டுக் கோட்டையொன்றை அதன் முழு வரலாற்றோடு மேசைக்குக் கொண்டுவரும் பணி எஞ்சியிருக்கிறது.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ புதிதாக நெடுந்தொடர் ஒன்றைத் தொடங்கும் குழுவுக்கு முதலில் பரிந்துரைக்கத்தக்கது, 1979ஆம் ஆண்டின் ‘கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்’. தொடக்கநிலைப் பெட்டியோடு சேர்த்தே விற்கப்பட்டதால் உலகில் மிகுதியானவர்கள் ஆடிய சாகசங்களுள் ஒன்றாகிய இதில், எல்லைக்காவல் கோட்டையொன்று ஆடுவோரின் இருப்பிடமாகிறது. அங்கிருந்து ஒரு பள்ளத்தாக்கின் இருபுறமும் திறந்திருக்கும் 11 குகைகளுள் எதில் நுழைவது என்பதை அவர்களே முடிவு செய்கின்றனர். குகைவாழ் கூட்டங்கள் ஒன்றையொன்று வெறுப்பவை. ஒன்றைக் கூலிக்கு அமர்த்தி மற்றொன்றைத் தாக்கலாம். காயம்பட்டால் கோட்டைக்குத் திரும்பலாம், ஆனால் திரும்பி வருவதற்குள் குகைகளில் காவல் பெருகியிருக்கும். அறைக்குறிப்புகள் சில இடங்களில் வறண்டவை, மனிதர் பலருக்குப் பெயரே தரப்படவில்லை என்பது குறைதான். நடத்துநர் எல்லைக்கோட்டையை அகற்றிச் செஞ்சியின் கீழ்க்கோட்டையை வைத்து, கல்யாண மகாலையும் குளங்களையும் களஞ்சியங்களையும் பொருத்தினால் அக்குறை நீங்கும். ‘சன்லெஸ் சிட்டடல்’ 2017ஆம் ஆண்டின் ‘டேல்ஸ் ஃப்ரம் த யானிங் போர்ட்டல்’ தொகுப்பில் மறுபதிப்பாகியுள்ளதால் இன்றைய விதிகளோடு ஆட விரும்புவோருக்கு அது எளிதில் கிடைக்கும். ஓராண்டுப் பழக்கத்துக்குப் பின் த்ரேசியாக் குகைகளுக்குச் செல்லலாம். ஹிக்மன் தம்பதியர் 1983இல் எழுதிய ‘ரேவன்லாஃப்ட்’ கோட்டை அதற்கும் பின் வரவேண்டியது; அதன் தலைவன் ஸ்ட்ராடின் நோக்கமும், அவனை வெல்ல உதவும் பொருள்கள் கிடைக்கும் இடமும் சீட்டுக் குலுக்கலால் முடிவாவதால், ஒருமுறை ஆடியவர்களுக்கும் இரண்டாம் முறை புதிதாகவே இருக்கும். கல்லறைச் சாகசத்தைத் தொடரோடு தொடர்பில்லாத தனிப் பாத்திரங்களைக் கொண்டு ஒரு விடுமுறை நாளில் ஆடிக்கொள்வது போதும்.

சொந்தமாக நிலவறை வரைய விரும்புவோருக்கு ராஜகிரியின் படிவழியை ஒருமுறை ஏறி இறங்குவதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. தாளும் பென்சிலும் கொண்டு சென்று, ஒவ்வொரு வாயிலிலும் நின்று, அங்கிருந்து எது தெரிகிறது, எது மறைகிறது, தண்ணீர் எங்கே, பின்வாங்கும் வழி எது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சுவர்களில் பெயர் கீறுவதும், சரிந்த கற்களைப் பெயர்த்தெடுப்பதும், தடுக்கப்பட்ட இடங்களில் நுழைவதும் சட்டப்படி குற்றம் என்பதை மனத்தில் கொண்டு, வரைபடத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்லுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறது இத்தொடர். மகேந்திரவர்மப் பல்லவன் விழுப்புரம் அருகே மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலும், தளவானூர்க் குடைவரையும் நிலவறை வரைவோருக்குக் கற்பிப்பவை அடுத்த பகுதியில் இடம்பெறும்.